சான்றிதழ் வந்தது, கணக்கு வந்ததா?

பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வந்த என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில், துணிமணிகளுக்கு அடியில், ஒரு தட்டச்சுச் சான்றிதழ் இருந்திருக்கும். ஆங்கிலத்தில் 'லோயர்' என்றால் நிமிடத்துக்கு 30 சொற்கள். 'ஹையர்' என்றால் 45 சொற்கள். 1974-இல் ஆம்பூரிலிருந்து வந்து கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் இறங்கியபோது என்னிடமும் அது இருந்தது. வேலை கேட்டுப் போன இடத்தில் அந்தக் காகிதத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. "உட்கார், இதை அடித்துக் காட்டு" என்று ஒரு மெஷினைக் காட்டினார்கள். அடித்துக் காட்டினேன். வேலை கிடைத்தது.

இந்தப் பழங்கதையை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் இன்று அதே இடத்தில் வேறொரு சான்றிதழ் வந்து உட்கார்ந்திருக்கிறது. எக்செல் என்று எல்லோரும் சொல்கிற விரிதாள் மென்பொருளைக் கற்றுக்கொண்டதற்கான சான்றிதழ் அது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், வேலை மாற நினைக்கும் இளைஞர்கள், குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு மறுபடியும் போக விரும்பும் பெண்கள் என்று பலரும் ஏதாவது ஒரு கல்லூரியின் இணையவழிப் பாடத்தில் சேர்ந்து இதைப் படிக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் "உட்கார், செய்து காட்டு" என்று யாராவது சொல்லும்போது என்ன நடக்கிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். அதைப் பற்றித்தான் வாசக அன்பர்களோடு பேச விரும்புகிறேன்.

தொண்ணூற்றிரண்டு மதிப்பெண்

என் மருமகள் பி.காம். படித்தவள். திருமணத்துக்கு முன்பு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பேரன் பிறந்தபின் எட்டு ஆண்டுகள் வீட்டோடு இருந்துவிட்டாள். 2023-இல் மீண்டும் வேலைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்து, ஒரு கல்லூரி நடத்திய எட்டு வார இணையவழிப் பாடத்தில் சேர்ந்தாள். பேரனைத் தூங்க வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் காதில் மாட்டிக்கொண்டு பாடம் கேட்பாள். வாரம் ஒரு வினாத்தாள். நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவில் நூற்றுக்கு 92 மதிப்பெண். வீட்டில் அன்று பாயசம்.

2024 ஜனவரியில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. சான்றிதழைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, ஒரு கணிப்பொறியின் முன் உட்கார வைத்தார்களாம். சுமார் 300 பில்கள் கொண்ட பட்டியல். ஒவ்வொரு ஊருக்கும் எவ்வளவு விற்பனை என்று பிரித்துக் கூட்டிக் காட்ட வேண்டும். அரை மணி நேரம். இவள் சூத்திரம் போட்டாள், விடையும் வந்தது. ஆனால் அவர்கள் கையில் வைத்திருந்த மொத்தத் தொகைக்கும் இவள் காட்டிய தொகைக்கும் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம். எங்கே தவறு என்று தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "மாமா, பாடம் கேட்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. கையை வைத்தால் ஒன்றும் ஓடவில்லை."

தவறு எங்கே இருந்தது தெரியுமா? பட்டியலில் ஆறேழு இடங்களில் தொகையை "1,250/-" என்று நம் ஊர் வழக்கப்படி கோடும் கழித்தல் குறியும் சேர்த்து யாரோ எழுதியிருந்தார்கள். செக் எழுதும்போது நாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்தக் கோட்டைச் சேர்த்து எழுதினால் கணிப்பொறி அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது; வெறும் எழுத்தாகத்தான் பார்க்கும். 'சம்' என்ற கூட்டல் சூத்திரம் எழுத்தாக உள்ள கட்டங்களை ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போய்விடும். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. கவனித்தால் ஒரே ஓர் அடையாளம் உண்டு: எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். எட்டு வாரப் பாடத்தில் காட்டிய பட்டியல்கள் எல்லாம் துடைத்து வைத்த பாத்திரம்போல் சுத்தமாக இருந்ததால், இப்படி ஒரு கோளாறு இருக்கக்கூடும் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

குறை பாடத்திலா?

இதை வைத்து இணையவழிப் படிப்பே வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வசதியில்லாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரப்பிரசாதம் என்பதை மறுப்பவன் அல்லன் நான். ஏழு ஐ.ஐ.டி.களும் நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் பாடங்களை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிக் கேட்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற விரும்புகிறவர்கள்தான் பணம் கட்ட வேண்டும். அந்தத் தேர்வையும் வீட்டிலிருந்து எழுத முடியாது. மையத்துக்கு நேரில் போக வேண்டும். வாராந்திர ஒப்படைப்புக்கு 25, நேர்த்தேர்வுக்கு 75 என்று மதிப்பெண்ணைப் பிரித்திருக்கிறார்கள். 2021-இல் வந்த யு.ஜி.சி. விதிகளின்படி, கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தின் வழியாகப் படிக்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் ஒரு பட்டப் படிப்பையே இணையவழியில் தொடங்கியது. அதற்கும் தேர்வு நேரில்தான். ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் கனவு காணக்கூடத் தயங்கிய கல்விக்கூடங்களின் ஆசிரியர்கள் இன்று கைப்பேசியில் வந்து பாடம் நடத்துகிறார்கள். இதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

என் கருத்து வேறு. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் நடக்கும் பாடம், அதன் இயல்பிலேயே பாதி வேலையைத்தான் செய்ய முடியும். விளக்கிச் சொல்லலாம், விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிச் சோதிக்கலாம். ஆனால் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "இந்தக் கட்டத்தைப் பார், ஏன் இடப்பக்கம் ஒட்டியிருக்கிறது?" என்று கேட்க அதனால் இயலாது. தட்டச்சு நிலையத்தில் இருந்த வாத்தியார் அதைத்தான் செய்தார். பின்னால் வந்து நின்று, விரல் மாறினால் ஸ்கேலால் ஒரு தட்டு. அந்த மற்றப் பாதியை வீடும் நம்மைப் போன்ற சங்கங்களும்தான் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் சான்றிதழை மட்டும் எதிர்பார்ப்பது, நீச்சல் பற்றிய புத்தகத்தைப் படித்துவிட்டு அல்சூர் ஏரியில் குதிப்பதற்குச் சமம்.

ஐந்து நாடுகளும் பதினாறாயிரம் நோயாளிகளும்

"ஒரு கூட்டல் தவறுக்கு இவ்வளவு பெரிய பேச்சா?" என்று சிலர் நினைக்கலாம். விரிதாளின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஹார்வர்டில் வணிக நிர்வாகம் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின் என்ற மாணவருக்கு 1978-இல் தோன்றிய யோசனை இது. கரும்பலகையில் பெரிய அட்டவணை. அதில் ஓர் எண்ணை மாற்றினால் அதைத் தொடரும் எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டும். அந்த வேலையைக் கணிப்பொறியே செய்தால் என்ன? நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'விசிகால்க்' 1979-இல் விற்பனைக்கு வந்தது. 1983-இல் 'லோட்டஸ் 1-2-3', 1985-இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்காக 'எக்செல்'. 1980-களின் கடைசியில் என் அலுவலகத்துக்கு லோட்டஸ் வந்தபோது கறுப்புத் திரையில் சாய்வுக் கோட்டை அழுத்தினால் கட்டளைப் பட்டியல் வரும். மூன்று நாள் எழுதிய பேரேடு மூன்று நிமிடத்தில் கூட்டி வந்ததைப் பார்த்து எங்கள் தலைமைக் கணக்கர் நம்ப மறுத்து, கையால் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். அப்போது நாங்கள் சிரித்தோம். அவர் செய்தது சரி என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால், படித்தவர்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்பது அதன் சாரம். செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய அரசியல்வாதிகள் பல நாடுகளில் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்பு ஒப்படைப்புக்காக அதே கணக்கைத் தானே போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. பேராசிரியர்களிடமே விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் 20 நாடுகளில் ஐந்தை விட்டுவிட்டிருந்தது. கணக்கிட்ட முறையில் வேறு குறைகளும் இருந்தன. எல்லாவற்றையும் சரி செய்தபின், கடன் மிகுந்த ஆண்டுகளின் சராசரி வளர்ச்சி கழித்தல் 0.1 சதவீதம் அல்ல, 2.2 சதவீதம் என்று அவரும் அவருடைய ஆசிரியர்களும் எழுதினார்கள். பெரிய பேராசிரியர்களின் பிழையைப் பிடித்தது, தன் கையால் வீட்டுப்பாடம் செய்த ஒரு மாணவர் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, கொரோனா காலத்தில் நடந்தது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 நோயாளிகளின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டது. காரணம், பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடம் கிடையாது. அதற்கு மேல் வந்த விவரங்கள் உள்ளே நுழையவே இல்லை. நோயாளிகளுக்குத் தங்கள் முடிவு தெரிந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாள் தாமதமானது. புதிய கோப்பு வகையில் 10,48,576 வரிசைகள் உண்டு. அதைப் பயன்படுத்தியிருந்தாலே இந்தச் சங்கடம் வந்திருக்காது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் என் மருமகளின் அனுபவத்திலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். கணிப்பொறி கூட்டலில் தவறு செய்யவில்லை. எதைக் கூட்ட வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டிய மனிதக் கண் பார்க்கவில்லை. அந்தக் கண்ணைத் திறப்பதுதான் படிப்பு. மற்றதெல்லாம் பொத்தான் அழுத்துவது.

தண்ணீர் லாரி கற்றுக்கொடுத்த பாடம்

2024 மார்ச் மாதத்தைப் பெங்களூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்காக வீட்டுக்கு வீடு தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த காலம். லாரிக்காரர்கள் சொன்னதே விலை என்று ஆனபோது, பெங்களூர் நகர மாவட்ட நிர்வாகம் கட்டணத்தை நிர்ணயித்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 8,000 லிட்டருக்கு 700, 12,000 லிட்டருக்கு 1,000. ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர் என்றால் முறையே 750, 850, 1,200.

எங்கள் குடியிருப்பில் லாரி வந்த கணக்கை வாசலில் இருக்கும் காவலாளி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். கன்னடம், இந்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்த எழுத்து. சில இடத்தில் தேதி, சில இடத்தில் கிழமை மட்டும். நான் மருமகளிடம் சொன்னேன்: "அம்மா, உன் பாடத்தில் கொடுத்த பட்டியலை மூடி வை. இந்த நோட்டை எக்செல்லில் ஏற்று. இதுதான் உனக்குப் பரீட்சை."

முதல் நாளே சண்டை வந்தது தேதியில். நாம் 03/04 என்று எழுதினால் ஏப்ரல் 3. கணிப்பொறி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அதற்கு அது மார்ச் 4. ஆனால் 13/04 என்று எழுதினால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக விட்டுவிடும். ஆக, பாதித் தேதிகள் தவறாக மாறும்; மீதிப் பாதி தேதியாகவே இராது. இது புரிந்து, அமைப்பை இந்திய முறைக்கு மாற்ற ஒரு மாலை ஆயிற்று. அந்த ஒரு மாலையில் அவள் கற்றது எந்த வினாத்தாளிலும் இல்லை.

அடுத்து, தொகையை லிட்டரால் வகுத்து, ஒரு லிட்டர் எத்தனை காசு என்று ஒரு புதிய பத்தி போட்டாள். அரசு நிர்ணயித்த கட்டணத்திலேயே பக்கத்தில் வரும் 6,000 லிட்டர் லாரி லிட்டருக்கு 10 காசு. 12,000 லிட்டர் லாரி சுமார் 8.3 காசு. தொலைவிலிருந்து வந்தால் 12.5 காசுக்கும் 10 காசுக்கும் வித்தியாசம். எங்கள் நிலத்தடித் தொட்டி 12,000 லிட்டரைத் தாங்கும். ஆனாலும் பழக்கதோஷத்தில் சிறிய லாரியையே இரண்டு முறை அழைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு சிறிய லாரிக்கு 1,500 ரூபாய். ஒரு பெரிய லாரிக்கு 1,200. பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது: ஒரே நாள், ஒரே பில் எண், இரண்டு முறை எழுதப்பட்டு இரண்டு முறை பணமும் கொடுக்கப்பட்டிருந்தது. லாரிக்காரரிடம் சொன்னதும், பார்த்துவிட்டு அடுத்த நடையில் கழித்துக்கொண்டார். ஏமாற்று அல்ல, அவசரத்தில் நேர்ந்த பிசகு.

குடியிருப்புக் கூட்டத்தில் அந்த ஒரு பக்கக் கணக்கை என் மருமகள் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். எட்டு ஆண்டுகளாக "இன்னார் வீட்டு மருமகள்" என்று மட்டும் அறியப்பட்டவளை அன்று செயலாளர், "மேடம், மெயின்டனன்ஸ் கணக்கையும் நீங்களே பார்த்துக் கொடுக்க முடியுமா?" என்று கன்னடத்தில் கேட்டார். 92 மதிப்பெண் வந்த அன்று அவள் முகத்தில் பார்க்காத வெளிச்சத்தை அன்று பார்த்தேன். அந்த ஆகஸ்ட்டில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. முன்பு எதிர்பார்த்ததைவிடச் சம்பளம் குறைவுதான். நேர்முகத் தேர்வில் இந்த முறையும் ஒரு பட்டியலைக் கொடுத்தார்களாம். கூட்டுவதற்கு முன்பு, எந்தக் கட்டம் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று முதலில் பார்த்தாளாம்.

தமிழில் கேட்டால் தாழ்வா?

இனி மொழிக்கு வருகிறேன். "எக்செல்லைத் தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். திரையில் இருக்கும் சொற்கள் ஆங்கிலம்தான். அதைப் பழகத்தான் வேண்டும். ஆனால் ஏன், எதற்கு என்ற விளக்கம் தாய்மொழியில் காதில் விழுந்தால் புத்தியில் ஆணி அடித்தாற்போல் நிற்கும்.

இதைப் புரிந்து செய்திருக்கிறார்கள் மும்பை ஐ.ஐ.டி.யில். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' என்ற திட்டத்தில், கட்டணமில்லாத லிப்ரே ஆஃபீஸ் மென்பொருளின் 'கால்க்' என்ற விரிதாளுக்குப் பாடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம். படம் ஆங்கிலத் திரையாகவே இருக்கும். குரல் மட்டும் தமிழிலும் கன்னடத்திலும் மற்ற இந்திய மொழிகளிலும் மாறும். ஒரு பக்கம் பாடத்தை ஓட விட்டு, நிறுத்தி, மறு பக்கம் அதையே நாம் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொல்லும் முறை. கேட்பதும் செய்வதும் பக்கத்தில் பக்கத்தில். தட்டச்சு நிலையத்தின் வாத்தியார் கொஞ்சம் திரும்பி வந்தாற்போல் இருக்கிறது. மென்பொருளுக்கும் காசு கிடையாது, பாடத்துக்கும் காசு கிடையாது. கால்க்கில் கற்றவர்களுக்கு எக்செல் புதிதாகத் தோன்றாது. கட்டமும் கூட்டலும் இரண்டிலும் ஒன்றுதான்.

"இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும், சூத்திரம் எதற்கு?" என்று என் மகன் கேட்கிறான். நியாயமான கேள்விதான். "ஊர்வாரியாகக் கூட்டிக் கொடு" என்று வாயால் சொன்னாலே இன்று சூத்திரம் எழுதிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அது கொடுத்த விடை சரியா என்று யார் சொல்வது? அன்று எங்கள் தலைமைக் கணக்கர் லோட்டஸை நம்பாமல் கையால் கூட்டிப் பார்த்தாரே, அந்த வேலை இன்னும் மனிதனுக்குத்தான் இருக்கிறது. சூத்திரம் எழுதுவது சுலபமாகச் சுலபமாக, சரிபார்க்கத் தெரிந்தவருக்கு மதிப்புக் கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் யோசனை

ஆகவே, வீட்டில் யாராவது இந்தப் பாடத்தில் சேர்ந்திருந்தால் பெரியவர்கள் செய்ய வேண்டியது என்ன? "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன், வீட்டில் இருக்கும் ஒரு கணக்கு நோட்டை எடுத்துக் கொடுங்கள். மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, மகள் திருமணத்து மொய் நோட்டு, எதுவானாலும் சரி. அழுக்கான கணக்குதான் நல்ல வாத்தியார். அதை ஏற்றி முடித்தபின் ஐந்து கேள்விகள் கேளுங்கள். எண்கள் எல்லாம் உண்மையில் எண்களா? தேதி எல்லாம் தேதியா? ஒரே பதிவு இரண்டு முறை வந்திருக்கிறதா? அடுக்கும்போது பட்டியல் முழுவதும் சேர்ந்து நகர்ந்ததா, அல்லது பெயர் ஓரிடமும் தொகை ஓரிடமும் போய்விட்டதா? சூத்திரத்தைக் கீழே இழுத்தபோது, அசையக் கூடாத கட்டத்துக்கு டாலர் குறி போட்டு நிறுத்தினீர்களா? கடைசியாக ஒன்று: மொத்தத்தை வேறொரு வழியில் கூட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழே கூட்டினால் கீழிருந்து மேலே ஒருமுறை கூட்ட வேண்டும் என்பது பழைய கணக்குப்பிள்ளைகளின் விதி. கணிப்பொறிக்கும் அது பொருந்தும்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெங்களூரில் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா எடுக்கின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கின்றன. எண்ணையும் எழுத்தையும் இரண்டு கண்கள் என்று சொன்ன வள்ளுவருக்கு அல்சூர் ஏரிக்கரையில் சிலையும் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009-இல் திறந்த சிலை. எழுத்துக்கு நாம் செய்வதில் ஒரு பங்கு எண்ணுக்கும் செய்யலாமே? ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், நான்கைந்து பழைய மடிக்கணிப்பொறிகள், நீளமான ஒரு மேசை போதும். பாடம் நடத்த யாரும் வேண்டாம். பாடம் இணையத்தில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் கட்டத்தைப் பார்" என்று சொல்ல ஆள் வேண்டும். வங்கியிலும் தொழிற்சாலையிலும் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! காலையில் பூங்காவில் நடந்துவிட்டு வந்தபின் நமக்கு வேறென்ன வேலை? கன்னடம் பேசும் அண்டை வீட்டாரும் வரட்டும். அதே பாடம் அவர்கள் மொழியிலும் இருக்கிறது; கூட்டலுக்கு மொழி கிடையாது.

ஒரு விஷயத்தை முக்கியமாகச் சொல்ல வேண்டும். இப்படி வருகிறவர்களில் பலர், பல ஆண்டுகள் வீட்டோடு இருந்துவிட்ட பெண்களாக இருப்பார்கள். வேலையை விட்ட ஆண்டுகளைத் தங்கள் குறையாகவே அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை அம்மா. மாதக் கடைசியில் கையில் இருக்கும் பணத்தை நாலாகப் பிரித்து, எதையும் குறைவின்றி நடத்திக் காட்டியவர்கள் நீங்கள். கணக்கு உங்களுக்கு ஏற்கனவே தெரியும். அதைக் கட்டங்களில் எழுதுவதுதான் புதிது. கையை வைத்துச் செய்யச் செய்ய அது வந்துவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் வீட்டுச் சாப்பாட்டு மேசையை இதற்காக ஒதுக்கியிருக்கிறேன். முதல் மாணவி எதிர் வீட்டுக் கன்னடப் பெண்மணி. மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் உட்காரப் போவது நான் அல்ல, என் மருமகள். நான் காபி போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு மேசை கிடைக்காதா? யோசித்துப் பாருங்கள்.